உள்ளே வைத்துத் தைத்தது

இல்லை, இது அவன் போட்ட முடிச்சுதான், சந்தேகமே வேண்டாம், ஸ்பிரிங்கில் கயிற்றை இப்படி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, அப்புறமும் மனசு ஒப்பாமல் மேலே இன்னொரு முடிச்சையும் போட்டு வைக்கிற ஆள் ஒருத்தன்தான் இருந்தான், அவனும் இப்போது இல்லை... குஷன்காரர் சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்துணியைக் கிழித்த கையோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம், பட்டறையின் பின்கதவு வழியாக வெயில் பாதி அறை வரைக்கும் வந்து கிடந்தது. காலையில் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன அம்மாள், அப்பாவோட சோபா, அவர் பல் டாக்டர், அவர் கிளினிக்ல வாசல் ரூம்ல கிடந்தது, தூக்கிப் போட மனசு வரல, துணி மட்டும் மாத்திக் கொடுங்க என்று சொன்னபோதே இவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை, தட்டுகிற இடத்தில் மூளை இப்போதெல்லாம் இருப்பதில்லை, புகையை விட்டதிலிருந்து தலைக்குள் யாரோ ஈரப் பஞ்சை அடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆணிகளின் வரிசை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, இடக்கைக்காரன் அடித்த ஆணி. மச்சான் அடித்தது. அவர்கள் இரண்டு பேரும் கல்யாணமாகாத வயசில், இதே பட்டறையில், இதே இடத்தில் வைத்துச் செய்த சோபா.

மச்சான் என்பதெல்லாம் பின்னால் வந்த உறவு, முதலில் அவன் ஆணி. அந்தக் காலத்தில் ஸ்டேப்ளர் கன் எல்லாம் கிடையாது, சின்ன ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம் திருப்பி, உதட்டுக்கு வெளியே நீட்டினால் காந்தச் சுத்தியல் வந்து கவ்விக்கொள்ளும், டக், அடுத்தது, டக். எல்லோரும்தான் அப்படிச் செய்தார்கள், ஆனால் இவன் வேலை இல்லாத நேரத்திலும் வாயில் ஆணி இருப்பவன் போலவே இருந்தான், கேட்டால் ம், இல்லையென்றால் ம்ஹும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க வேண்டுமென்றால் தவம் கிடக்க வேண்டும். அதனால் ஆணி. பேரை வைத்தது இவர்தான். வாயைத் திறப்பது இரண்டு காரியத்துக்கு, ஒன்று சோறு, இன்னொன்று சிகரெட், அதுவும் பின்கதவுப் படியில் உட்கார்ந்து, ஒன்றைப் பற்றவைத்துப் பாதி அவன், பாதி இவர், அணைத்து அணைத்து எதிர்ச்சுவரில் கறுப்புத் திட்டுகள், அவற்றை வெள்ளையடித்து மறைத்தாலும் அடுத்த மழைக்கு மேலே வந்துவிடும். வேலையில் வாய் நிறைய ஆணி இருப்பதால் புகைக்க முடியாது, அதனாலேயே அந்தப் படிக்கு அப்படி ஒரு ருசி... அந்த ருசி இப்போது நாக்கின் அடியில் வந்து நின்றது. நிற்கட்டும். வரும், போகும், அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் தானாக இறங்கும் என்று.

அந்தப் பெண் என்றால் போனில் வருகிற பெண். புகையை விட நினைப்பவர்களுக்கென்று ஒரு நம்பர் இருக்கிறதாம், எந்த நேரமும் கூப்பிடலாமாம், இவருடைய வீட்டுக்காரிதான் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்துவிட்டு வந்து இவர் போனில் போட்டுக் கொடுத்தாள். முதல் இரண்டு முறை அவள் குரல் கேட்டதும் இவர் வைத்துவிட்டார், இந்த வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் போய், அம்மா எனக்கு ஒரு சிகரெட் குடிக்கணும் போல இருக்கு என்றா சொல்வது, மானம் போகாதா. மூன்றாவது முறை அவளே திருப்பிக் கூப்பிட்டாள். அவசரமே இல்லாத குரல். கையில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையைப் பற்றிச் சொன்னாள், மெல்லுகிற கம் பற்றிச் சொன்னாள், வீட்டில் இருக்கிற லைட்டரை எல்லாம் தூக்கிப் போட்டுடுங்கய்யா என்றாள். லைட்டர் இல்லாம எங்க தொழில் ஓடாதும்மா, நைலான் நூல் முனைய எதால பொசுக்கறது என்று இவர் கேட்டார், பாவம், அவள் படித்த படிப்பில் குஷன்காரன் வரவில்லை போலிருக்கிறது. வாய்க்கு ஏதாவது வேலை கொடுங்க என்றாள். பழையபடி ஆணி போட்டுக்கறேன்மா. ஆணியா, வாயிலயா, ஐயா தயவுசெஞ்சு வேண்டாம். அதற்கப்புறம் கேரட் என்றானது. வீட்டுக்காரி தினமும் ஒரு டப்பா நிறைய நறுக்கிக் கொடுத்து அனுப்புகிறாள், முயல் மாதிரி கொறித்துக்கொண்டு சோபா தைக்கிற பிழைப்பு.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் போன வாரம் அந்த டப்பாவை வைத்துத்தான் வீடு இரண்டுபட்டது. மூடி சரியாக மூடவில்லை, அவ்வளவுதான் விஷயம், அதற்கு இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கத்திக்கொண்டே இருந்தவர் திடீரென்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார், ஒரு டப்பா மூடிக்காக. அவள் பயந்துபோனாள், இவர் அதற்கு மேல் பயந்தார், ஏனென்றால் இப்படித்தான் அப்போதும் ஆரம்பித்தது. ஆணி செத்துப்போன வருஷம். சோபாவைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, படியில் உட்கார்ந்தவன், கையில் சிகரெட் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அவனைத் தரையில் கிடத்திவிட்டு இவர் முதலில் செய்த காரியம் அந்தச் சிகரெட்டைக் காலால் அணைத்தது, ஏன் அதைச் செய்தோம் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பட்டறை திறக்கவில்லை. படுத்தால் எழுந்திருக்கப் பிடிக்காது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் போய்விடும். சோம்பேறித்தனம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். மனநல டாக்டர் ஒருத்தர்தான், இது வியாதிங்க, சரியாகும், மாத்திரையைச் சாப்பிடுங்க, என்கிட்ட வந்து பேசுங்க என்றார். சரியாகத்தான் ஆனது. ஆனாலும் இவர் மனசுக்குள், மாத்திரையோ டாக்டரோ இல்லை, அந்தப் படியும் சிகரெட்டும்தான் தன்னை இழுத்து வெளியே போட்டது என்று ஒரு கணக்கு. படியில் உட்கார்ந்து பற்றவைத்தால் பாதிதான் இழுப்பார், முதல் பாதியைச் சும்மா புகையவிடுவார். முதல் பாதி அவனுடையது. இதை யாரிடம் சொல்வது.

அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, மனசு மறுபடி கனமாக இருக்கிறது என்பதை மட்டும் சொன்னார். அவள் பதறவில்லை. விட்ட புதுசுல கோபம் வரும், தூக்கம் கெடும், காரணமே இல்லாம அழுகை வரும், உங்களுக்கு மட்டும் இல்ல, நிறையப் பேருக்கு வரும் ஐயா, ஆனா உங்களுக்கு முன்னாடியே மனசு சரியில்லாம இருந்திருக்கு, அதனால உங்க டாக்டர்கிட்டயும் இத இப்பவே சொல்லிடுங்க, நாங்களும் பாத்துக்கிட்டே இருப்போம், நீங்க தனியா இத சுமக்க வேண்டாம் என்றாள். சரிம்மா என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார். டாக்டரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் எப்போதும் பத்து கேள்வி கேட்பாள், இவர் ம் என்பார், ம்ஹும் என்பார், யாரைப் போல... வீட்டுக்காரி மட்டும் எதுவும் கேட்கவில்லை, அன்றைக்கு டப்பா மூடியை இவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள், எங்க அண்ணன அந்தப் படியிலதான் விட்டேன், எனக்கு ஒரு ஆள் போதும்ங்க. கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. மூடியை அழுத்தி மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது பிரச்சினை அது இல்லை, பிரச்சினை சோபாவின் இடது கைப்பக்கத்தில் இருக்கிறது. இவர் பார்வை அங்கே போகாமல் இருக்கப் பார்த்தது, போய்விட்டது. ஆணிக்கு ஒரு பழக்கம் உண்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது. பெரிய சோபா ஒன்றை முடிக்கும்போது, கடைசியாக மூடுகிற கைப்பக்கத்துப் பஞ்சுக்குள் ஒரு சிகரெட்டைச் செருகி வைத்துத்தான் தைப்பான். முதல் தடவை பார்த்தபோது இவர், லூசாடா உனக்கு என்றார். அவன் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, அவனைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு, பின்னாடி எவனாவது இதப் பிரிப்பான்லடா, பாவம், இத்தனை தூசியில இருமிக்கிட்டே பிரிப்பான், அவனுக்கு ஒண்ணு என்றான். எந்த ஊரிலோ எந்தப் பட்டறையிலோ முகம் தெரியாத எவனோ ஒரு குஷன்காரன், நார்த் தூசிக்குள் கைவிட்டு ஒரு சிகரெட்டை எடுத்து முழிக்கப்போகிறான் என்று நினைத்து இருவரும் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு... அந்த எவனோ ஒருத்தன் இப்போது இவர்தான். இருமல் கூட இருக்கிறது. அவன் கையால் வைத்தது, அவன் பாக்கெட்டிலிருந்து எடுத்தது, இதற்கு மேல் அவன் கையிலிருந்து இவருக்கு எதுவும் வரப்போவதில்லை. அதை எடுத்துக்கொண்டு படிக்குப் போய், லைட்டர் மேஜை மேல்தான் இருக்கிறது, ஒன்றே ஒன்று, அதுவும் பாதி... இதைக் குடித்தால் விட்டதைக் கெடுத்ததாகுமா, இது சிகரெட்டா, மச்சான் கொடுத்ததில்லையா. இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி வாதம் பண்ணுகிற மனசைப் பார்த்து இவருக்கே வெட்கமாக இருந்தது. முதல் வாரம் குப்பைத்தொட்டியில் போட்ட பாக்கெட்டை, சாயங்காலமே போய்க் கிளறி எடுத்து, தேயிலைச் சக்கையைத் தட்டிவிட்டுப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதும் இதே மனசுதான். வீட்டுக்காரி முகம் வந்தது. கை மட்டும் கத்தியைத் தேடி எடுத்துவிட்டது.

ஆனால் இந்தச் சோபாவை மூடியபோது நடந்தது வேறு. இதில் சிரிப்பு இல்லை, அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது. இவர் அம்மா போய் ஆணியின் வீட்டில் பெண் கேட்டுவிட்டு வந்த மாதம் அது. அவன் தங்கச்சியை இவருக்கு. அவன் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், அதுவரை எதையும் வெளியே காட்டாத ஆணி, மறுநாளிலிருந்து ஆளே மாறிப்போனான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், நூல் அறுந்தால் கோபம், துணி ஒரு விரல் குறைந்தால் கோபம், ஒரு நாள் கட்டைவிரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி கண் கலங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். படிக்கு வரமாட்டேன் என்றான். நீ போய்க் குடி, நான் இங்கயே இருக்கேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் படிக்கு வராமல் இருந்தது அந்த ஒரு மாதம்தான். இவருக்கு அப்போதே புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார், தங்கச்சியை எனக்குக் கொடுக்க அவனுக்கு இஷ்டமில்லை, நட்பு வேறு, சம்பந்தம் வேறு, என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் அல்லவா. அதற்கு நடுவிலும் கடுகடுவென்று இருப்பான், திடீரென்று ஏதாவது பேசேன்டா என்பான். யார், ஆணி. வாயைக் கிளறிப் பார்க்கிறான், மாப்பிள்ளைக்கு லாயக்கா என்று எடை போடுகிறான் என்று நினைத்து, இவரும் பேசித் தீர்த்தார். சினிமாக் கதை, பட்டறையைப் பெரிதாக்கும் யோசனை, அம்மா கால்வலி, தான் பார்த்த கனவு, என்ன கிடைக்கிறதோ அதெல்லாம், நடுநடுவே நல்ல பிள்ளை என்று தெரிகிற மாதிரி நாலு வார்த்தை. அவன் கேட்டுக்கொண்டே ஆணி அடிப்பான். கடைசி நாள், இந்தக் கைப்பக்கம் மட்டும் பாக்கி இருந்தபோது, நீ வெளிய போ, இத நான் மூடிக்கறேன் என்று இவரை அனுப்பிவிட்டான். அப்புறம் கல்யாணம் நடந்தது, அவனே முன்னால் நின்று நடத்தினான், இவரை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தான், பழையபடி படிக்கும் வந்தான். எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த மாதம் இவருக்குள் விரலில் ஏறிய மரச் சிலாம்பு மாதிரி தங்கிவிட்டது, இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அவன் ம் என்றிருப்பானா, ம்ஹும் என்றிருப்பானா என்று பயம்.

தையல் மேல் கத்தி வைத்ததும் நூல் பொட்டென்று விட்டது, பழைய நூல். துணியைப் பின்னுக்குத் தள்ளி, பஞ்சை விலக்கி, நாருக்குள் விரல்களை விட்டார். தூசி கிளம்பியது, இருமினார், ஆணி சொன்ன மாதிரியே. ஒல்லியாக ஒன்று விரலில் தட்டும் என்று எதிர்பார்த்தார், கனமாக ஏதோ தட்டியது. இழுத்தார். சிகரெட் இல்லை, பாக்கெட். முழுப் பாக்கெட், ஒன்றோ இரண்டோதான் குறைந்திருக்கும், ஆட்டினால் உள்ளே அசையக்கூட இடமில்லை. ஸ்பிரிங் கட்டுகிற கயிற்றால் அதை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சுற்றிச் சுற்றி, அட்டை நசுங்குகிற அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிச்சு, எதிர்ப்பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்றாக... அவிழ்க்க முடியாத முடிச்சு. அறுக்கத்தான் வேண்டும். ஒரு சிகரெட் பாக்கெட்டை எவனாவது இப்படிக் கட்டுவானா, தூசியில் பிரிக்கிற எவனோ ஒருத்தனுக்குக் கொடுக்கிறவன் இப்படியா கட்டுவான், இது கொடுப்பதற்காகக் கட்டியது இல்லை, எடுக்காமல் இருப்பதற்காகக் கட்டியது. யார் எடுக்காமல் இருக்க... தொட்டியில் போட்டால் சாயங்காலம் போய்க் கிளறி எடுத்துவிடுவோம் என்று தெரிந்தவன் கட்டியது. சோபாவுக்குள் வைத்துத் தைத்துப் பல் டாக்டர் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் எங்கே போய் எடுப்பது.

நீ போய்க் குடி, நான் இங்கயே இருக்கேன். கோபம் வரும், தூக்கம் கெடும், காரணமே இல்லாமல் அழுகை வரும். கட்டைவிரல். நூல். படி. டப்பா மூடி. குஷன்காரர் தரையில் நன்றாகவே உட்கார்ந்துவிட்டார். அடப்பாவி. அப்படியென்றால் என் மேல் கோபம் இல்லையா, தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்ற கோபம் இல்லையா, நீ சிகரெட்டை விட்டிருந்தாயா, ஒருத்தரிடமும் சொல்லாமல், என்னிடம் கூட. அந்தக் காலத்தில் போன் நம்பரும் இல்லை, பட்டையும் இல்லை, கேரட் நறுக்கிக் கொடுக்க ஆளும் இல்லை, சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன் என்று நினைத்தாயா, சிரித்துத்தான் இருப்பேன், அந்த வயசில் வேறென்ன செய்திருப்பேன். இத்தனை வருஷம் மனசில் குத்திக்கொண்டிருந்தது சிலாம்பே இல்லை என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதே மூச்சில் அவன் மேல் அப்படி ஒரு பாசமும் துக்கமும் பொங்கி வந்தது, அது வந்த வேகத்தில் சிகரெட் வேண்டும் என்ற ஆசையும் கூடவே எழுந்து நின்றது. கத்தி ஒரு கையில், கட்டுப்போட்ட பாக்கெட் மடியில், மேஜை மேல் லைட்டர். முடிச்சை அறுத்தால் போதும்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார், எடுத்தபோது எதற்கு எடுக்கிறோம் என்று முழுசாகத் தெரியவில்லை. சொல்லுங்கய்யா என்றது அதே அவசரமில்லாத குரல், இப்போ எப்படி இருக்கு, பக்கத்துல சிகரெட் ஏதாவது இருக்கா. இருக்கும்மா. யார் கொடுத்தது. எங்க மச்சான். அவர் பக்கத்துல இருக்காரா. இவர் கவிழ்ந்து கிடந்த சோபாவைப் பார்த்தார். அவள் இன்னொன்று கேட்டாள், பட்டை ஒட்டியிருக்கீங்களா, ம், சாப்டீங்களா, ம், அப்புறம் அவள் கேள்விகளை நிறுத்தினாள். அப்போது, கேள்வி வேண்டாம், சும்மா ஒரு குரல் இருந்தால் போதும் என்று தோன்றி, இவர் வாயிலிருந்து வந்தது.

"ஏதாவது பேசேன்மா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தன் குரலில் இல்லை, கடுகடுவென்று, கெஞ்சுவதை மறைத்துக்கொண்டு, சுத்தியல் சத்தத்துக்கு நடுவே கேட்ட குரல். அந்தப் பெண் ஒன்றும் ஆச்சரியப்படாமல், தன் ஜன்னலுக்கு வெளியே மாடியில் காயப்போட்ட துணியை ஒருத்தர் மழைக்குப் பயந்து எடுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி, எடுக்க எடுக்க ஒன்று விழுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். இவர் பாக்கெட்டின் முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். எடை போடவில்லை அவன், வாயைக் கிளறவில்லை, அந்த மாதம் முழுக்க அவன் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான், எனக்குத் தெரியாமலே நான்தான் அவனுக்கு... சினிமாக் கதை, அம்மா கால்வலி, கனவு. அவன் வீட்டில் சரியென்று சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு இவருக்குத் தலைகால் புரியவில்லை. இனி நல்ல பிள்ளை வேஷம் எதற்கு, யாரைக் கவர வேண்டியிருக்கிறது, வாயில் ஒரு கை ஆணியை அள்ளிப் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஆணி அதற்கப்புறமும் கேட்டானா, ஏதாவது பேசேன் என்று, ஒரு நாளாவது. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, அதற்கப்புறம் அவன் மறுபடி படிக்கு வந்து உட்கார்ந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. போனில் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள், கடைசித் துணியும் உள்ளே போய்விட்டதாம், இன்னும் மழை வரவில்லையாம். நிறுத்திடாதம்மா என்றார் குஷன்காரர்.